பஸ் ஸ்டாப்பாக நிற்கிறவள்

கோகிலவாணியின் முட்டி இரண்டும் நெஞ்சுக்கு நேரே வந்து நின்றன. நாற்காலியாம் நாற்காலி. கிரைண்டர் கழுவும்போது அடியில் போட்டுக்கொள்கிற பலகைகூட இதைவிட உசரமாக இருக்கும். மஞ்சள் பிளாஸ்டிக், முதுகுப் பக்கம் முயல் காது இரண்டு, எந்த மகராசன் யோசித்தானோ, அந்தக் காதுகள் வந்து விலாவில் குத்தின. "நீங்க பாட்டுக்கு செவுரு மாதிரி உட்கார்ந்திருங்க மிதுலாம்மா. கூப்பிட வேண்டாம், கை காட்ட வேண்டாம், பசங்க ஏதாச்சும் கேட்டாக்கூட பதில் சொல்ல வேண்டாம். கொஞ்ச நேரத்துல நீங்க இருக்கறதையே மறந்துருவாங்க" என்று அமுதா மிஸ் சொன்னபோது மிதுலா அந்த மிஸ்ஸின் விரலைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றாள். அம்மாவைப் பார்த்தாள், அம்மாவுக்குப் பின்னாலிருந்த சுவரைப் பார்த்தாள், போய்விட்டாள். செவுரு. மாவாட்டி, பாக்கெட் போட்டு, தெருவில் பாதி வீட்டுக்கு இட்லி வேக வழி பண்ணுகிறவளைக் காலை நேரம் பூராவும் செவுராக உட்காரச் சொல்ல இவர்களுக்குத்தான் வாய் வரும். அரிசி அங்கே ஊறிக் கிடக்கிறது, உளுந்து இந்நேரம் நுரைத்துப் போயிருக்கும், இங்கே இவள் முயல் காதில் சாய்ந்துகொண்டு செவுராக இருக்க வேண்டும். சரி, இருந்துதான் பார்ப்போம். ஜூனில் பள்ளிக்கூடம் திறந்தது, தீபாவளியே வந்துவிட்டுப் போய்விட்டது, இத்தனை நாளில் மிதுலா இந்த வகுப்பில் ஒரு வார்த்தை பேசவில்லையாம். தமிழிலும் இல்லை, இங்கிலீஷிலும் இல்லை. வீட்டுக்குள் கால் வைத்ததும் தொடங்குகிற வாய், தூக்கத்தில்கூட 'அம்மா அந்தப் பூனைக்கு சட்டை யாரு தெச்சா' என்று கேட்கிற வாய், இங்கே வந்தால் பூட்டுப் போட்டுக்கொள்கிறதாம். அப்படியென்றால் கோளாறு புள்ளையிலா, பள்ளிக்கூடத்திலா? அதைப் பார்க்கத்தான் வந்திருக்கிறாள். காலையில் புருஷன் பூபதி வண்டியை உதைத்துக்கொண்டே சொன்னான், "நீயே போயிப் பாத்துக்க கோகிலா. இது சரிப்படாதுன்னு பட்டுச்சுன்னா மத்தியானத்துக்குள்ள சொல்லிப்போடு. அண்ணன் அந்த இன்னொரு ஸ்கூல்ல பேசி வச்சிருக்குது. இன்னிக்கு விட்டா அந்த எடம் வேற ஆளுக்குப் போயிரும்." அந்த ஸ்கூலில் நாலு கோட்டு நோட்டு உண்டு, தினமும் வீட்டுப்பாடம் உண்டு, டீச்சர் கையில் ஸ்கேல் உண்டு. பள்ளிக்கூடம் என்றால் அது.

இது என்ன? இவள் கண்ணை ஓட்டினாள். அறைக்கு நடுவில் பாய், பாய் மேல் மரக்கட்டை, துணி, தேங்காய்ச் சிரட்டை, கயிறு, அட்டைப்பெட்டி. பழைய பேப்பர் கடைக்காரன் மழைக்கு முன் அவசரமாகக் கொட்டிவிட்டுப் போன மாதிரி இருந்தது. இதற்கு வாசலில் பலகை வேறு, 'இருமொழி மழலையர் பள்ளி, விளையாட்டு வழிக் கற்றல்' என்று. விளையாட்டு வழி. விளையாட வீட்டில் சிரட்டை இல்லையா? கேஸை அடைத்தோமா? எங்கிருந்தோ வந்து நின்றது அது. பாலை இறக்கினாள், டப்பாவை மூடினாள், மிதுலாவுக்கு ஷூ மாட்டினாள், நடுவில் கை கேஸ் திருகிக்குப் போனதா இல்லையா? போயிருக்கும். போகாமல் எப்படி. பால் பாத்திரத்தை இறக்கும்போதே கை தன்னால் திருகுமே. தன்னால் செய்கிற வேலைதான் ஞாபகத்தில் நிற்பதில்லை. சரி, விடு, அடைத்திருப்போம், இதோ இந்தச் சிவப்பு ஏப்ரன்காரியைப் பார். இந்த வகுப்புக்கு இரண்டு மிஸ். பச்சை ஏப்ரன் போட்ட அமுதா மிஸ் தமிழ் மட்டும் பேசுவாள், சிவப்பு ஏப்ரன் போட்ட ஷெரின் மிஸ் இங்கிலீஷ் மட்டும் பேசுவாள். ஒருத்திக்கு ஒரு பாஷை. புள்ளைகளுக்குக் குழப்பம் வரக்கூடாதாம், அதனால் ஷெரின் மிஸ் தமிழே தெரியாத மாதிரி இருப்பாளாம். என்ன நடிப்பு! போன வாரம் சந்தையில் முளைக்கீரைக் கட்டை முகர்ந்து பார்த்து, "ஏனுங்க்கா, நேத்துப் பறிச்சத இன்னிக்கு வித்துட்டு நாளைக்கு வேற வந்து உக்காருவீங்களா" என்று அந்தக் கீரைக்காரியை வாங்கு வாங்கென்று வாங்கியவள் இவள்தானே. கோகிலவாணி வெங்காயம் பொறுக்கிக்கொண்டே காதாரக் கேட்டாள். அந்த வாய்தான் இப்போது ஒரு பொடியன் வந்து "மிஸ், ஒண்ணுக்கு" என்று தொடையை இடுக்கிக்கொண்டு நிற்கும்போது, புருவத்தைத் தூக்கி, "யெஸ்? யூ வான்ட் டு?" என்று ராகம் இழுக்கிறது. பையன் இன்னும் கொஞ்சம் தாமதித்தால் பாயே நனையும். புரியாத மாதிரி முகம் வைத்துக்கொண்டு நிற்பதற்கு ஒரு சம்பளம். கோகிலவாணி உதட்டைச் சுழித்தாள். அவள் உதடு இடது பக்கமாக ஒதுங்கி மேலே ஏறும், மூக்கும் கொஞ்சம் கூடவே போகும். பூபதியின் அக்கா ஊர் பூராவும் சொல்லிவைத்திருக்கிறாள், "எங்க கோகிலா உதட்டச் சுழிச்சான்னா போதும், எதுத்தாப்புல இருக்கறவங்க எந்திரிச்சு ஊட்டுக்குப் போயரோணும்" என்று. சொல்லட்டும். சுழிக்கிற மாதிரி இருந்தால் சுழிக்கத்தான் செய்யும்.

ஷெரின் மிஸ் ஒரு மரக்கட்டையைத் தூக்கிக் காட்டினாள். "வாட் கேன் திஸ் பி?" இது என்னவாக இருக்கலாமாம். கட்டையம்மா அது, கட்டை, வேறு என்னவாக இருக்கும். ஒரு பெண் "போன்" என்றாள், ஒருவன் "சோப்" என்றான், இன்னொருவன் "பாம்பு முட்டை" என்றான் தமிழில். உடனே பச்சை ஏப்ரன் அங்கிருந்து, "ஆஹா, பாம்பு முட்டையா? உள்ள பாம்பு தூங்குதா, முழிச்சிருக்கா?" என்று கேட்டாள். முழிச்சிருக்காம். பாம்பு முட்டை பொரிந்து வந்து இவர்களைக் கேட்கப் போகிறது, ஏ ஃபார் என்ன, பி ஃபார் என்ன என்று. கோபி டவுனுக்கு அந்தப் பக்கம் இவள் படித்த பள்ளிக்கூடத்தில் ஒரே டீச்சர் ஐந்து வகுப்புக்கும். வாய்ப்பாடு ஒரு பக்கம் ஓடும், உயிரெழுத்து ஒரு பக்கம் ஓடும், யாராவது கட்டையைக் காட்டி இது என்னவாக இருக்கலாம் என்று கேட்டிருந்தால் எல்லாரும் ஒரே குரலில் 'அடி வாங்குற கட்டை' என்றிருப்போம். அந்தப் பள்ளிக்கூடம் ஒன்றும் சொர்க்கமில்லை. ஓட்டுக்கடியில் பல்லி விழும், இங்கிலீஷ் புத்தகத்தை ஆறாவதில்தான் கண்ணால் பார்த்தோம், பத்தாவது முடிக்கும்போதும் அது கண்ணால் பார்த்த மட்டில்தான் நின்றது. இந்த அப்பார்ட்மென்ட் பொம்பளைகள் லிப்டில் பேசிக்கொள்ளும்போது மாவு பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு மேலே ஓடுகிற சிவப்பு நம்பரையே பார்த்துக்கொண்டு நிற்கிற பிழைப்பு அங்கிருந்து வந்ததுதான். அதனால்தானே இந்த இருமொழிப் பள்ளிக்கூடத்தைத் தேடிப் பிடித்தது. ஆனால் ஒன்று, அங்கே ஒழுக்கம் இருந்தது. கை கட்டு, வாய் பொத்து என்றால் கட்டுவோம், பொத்துவோம். மிதுலாவைச் சேர்க்கும் முன்னால் இவளே பாயில் உட்காரவைத்துப் பழக்கினாளே, "கிளாஸ்ல எப்படி உக்காரோணும்? வாய்மேல வெரலு. ம்? டீச்சரு கேட்டாத்தான் எடுக்கோணும். தெரியாதத ஒளறி வெக்கக் கூடாது, சிரிப்பாங்க, தெரியுதா?" மிதுலா அந்தச் சின்ன ஆள்காட்டி விரலை உதட்டில் ஒட்டிக்கொண்டு தலையாட்டினாள். என்ன அழகாக உட்கார்ந்தாள் அன்றைக்கு. இங்கே எவளாவது விரல் வைத்து உட்கார்ந்திருக்கிறாளா பார், சந்தைக்கடை.

இரைச்சலுக்கு நடுவில் சட்டென்று நாற்காலிகள் நகர ஆரம்பித்தன. இவள் உட்கார்ந்திருப்பதை ஒத்த முயல் காது நாற்காலிகள், இரண்டிரண்டாக, வரிசையாக. பஸ்ஸாம். தினமும் இந்த நேரத்துக்கு பஸ் ஓட்டுவார்கள் போல, யாரும் யாருக்கும் ஒன்றும் சொல்லவில்லை, தன்னால் நடந்தது. முன்னால் உட்கார்ந்த பெண்ணுக்கு நெற்றி நிறைய முடி, சாப்பாட்டுத் தட்டைத் திருப்பித் திருப்பி ஓட்டினாள். அவள் பேர் நிலாஃபர், பாட்டரி கடைக்காரர் மகள். கண்டக்டருக்கு ஒரு குண்டுப் பையன், துவாரகேஷ், தோளில் யாருடைய டிபன் பையோ தொங்க, காய்ந்த இலைகளை டிக்கெட்டாகக் கிழித்துக்கொண்டு, "காந்திபுரம், காந்திபுரம், ஏறு ஏறு, ஸ்டெப் இன் ஸ்டெப் இன்" என்று இரண்டு பாஷையிலும் கத்தினான். ஷெரின் மிஸ் வெட்கமில்லாமல் சப்பணமிட்டு பஸ்ஸின் பின்சீட்டில் உட்கார்ந்து, "இஸ் இட் எ லாங் வே?" என்று கேட்டாள். நாற்காலி பஸ்ஸில் என்ன தூரம், என்ன பக்கம். கோகிலவாணி கண்ணால் மகளைத் தேடினாள். சீட்டில் இல்லை. படியில் தொங்குகிற கூட்டத்தில் இல்லை. ஜன்னலோரத்தில், தனியாக, ஒரு கையை நேராக மேலே தூக்கி, உள்ளங்கையை விரித்துப் பலகை மாதிரி வைத்துக்கொண்டு, விறைப்பாக மிதுலா நின்றாள். பக்கத்தில் வந்த அமுதா மிஸ்ஸிடம், தான் செவுரு என்பதை மறந்து கோகிலவாணி கேட்டேவிட்டாள், "அவ என்னங்க மிஸ் பண்ணிட்டிருக்கறா?" அமுதா மிஸ் குனிந்து, இவள் காதோடு, பெருமை போலச் சொன்னாள், "மிதுலா பஸ் ஸ்டாப்புங்க."

பஸ் ஸ்டாப்பு. என் மகள் பஸ் ஸ்டாப்பு. டிரைவர் இல்லை, கண்டக்டர் இல்லை, போகட்டும், ஒரு பயணிகூட இல்லை, வெயிலில் நிற்கிற கம்பம். நாய் காலைத் தூக்குகிற கம்பம். வேலைக்காகாத புள்ளைக்கு வேலைக்காகாத வேஷம். ஊர்த் திருவிழா நாடகத்தில் வசனம் வராதவனுக்கு மரம் வேஷம் கொடுப்பார்களே, அந்த மாதிரி. "யாருங் குடுக்கலீங்க, அவளே எடுத்துக்கிட்டா" என்று அமுதா மிஸ் சேர்த்துச் சொன்னாள். அவளே எடுத்துக்கொண்டாளாம். வாய் பேசாத புள்ளை எப்படி எடுத்துக்கொள்ளும், மிச்சமானதை அள்ளிக்கொண்டாள் என்று சொல்லு. இதையும் கற்றல் என்று எழுதி வைப்பாள் இவள், பச்சை ஏப்ரன், பச்சைப் பொய். கோகிலவாணிக்குக் கண் காந்தியது. கண்ணா, நெஞ்சா தெரியவில்லை, ஏதோ காந்தியது. மிதுலாவின் கை மேலேயே நின்றது, வலிக்காதா, அந்தக் கை அப்படி நிற்கிறதைப் பார்த்தால் வேறு ஒன்று வந்து நின்றது. சின்ன மாமன் மகள் பவளம். பவளத்துக்கு ஐந்து வயது வரைக்கும் 'லேட்டா பேசும்' என்றார்கள், 'அப்பன் மாதிரி அழுத்தம்' என்றார்கள், கோயிலில் நாக்கில் தேன் தடவினார்கள். அப்புறம் ஒரு நாள் யாரும் ஒன்றும் சொல்லுவதை நிறுத்திவிட்டார்கள். பவளம் இப்போது கல்யாண வீடுகளில் ஒரு மூலையில் உட்கார்ந்து வெற்றிலை துடைத்துக்கொண்டிருக்கும், எல்லாரும் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள், அன்பாகத்தான் சிரிப்பார்கள், அந்த அன்பு இருக்கிறதே. இல்லை, இல்லை, மிதுலா வீட்டில் பேசுகிறாளே. பவளம் வீட்டிலும் பேசவில்லை. ரெண்டும் ஒன்றல்ல. பூபதியின் அக்காதான் ஆரம்பித்து வைத்தாள், "எதுக்கும் ஒரு டாக்டர்கிட்டக் காட்டீரு கோகிலா, இப்பெல்லாம் வீட்டுல பேசி வெளிய பேசாத சீக்குன்னு ஒண்ணு இருக்குதாமா, போன்ல பாத்தேன்." போனில் பார்த்தாளாம். போனில் எல்லாவற்றுக்கும் சீக்கு இருக்கிறது, உன் வாய்க்கு ஒன்று இருக்கிறதா பார் என்று கேட்க நினைத்தாள், கேட்கவில்லை, உதடு மட்டும் சுழிந்தது. அன்றிலிருந்து அந்தச் சீக்கு இவள் கூடவே மாவாட்டுகிறது, கூடவே பாக்கெட் கட்டுகிறது. கேஸை அடைத்தோமா? நீலத் தீ, பாத்திரமில்லாமல், யாருமில்லாத சமையல்கட்டில். சீ, அடைத்திருப்போம். பள்ளிக்கூடம்தான் காரணம். பள்ளிக்கூடமாகவே இருக்கட்டும் சாமி. இந்த இரண்டு ஏப்ரன்களும் இந்தச் சிரட்டையும்தான் காரணமாக இருக்கட்டும், வேறு பள்ளிக்கூடத்தில் போட்டால் தீர்ந்துவிடுகிற காரணமாக இருக்கட்டும். மத்தியானத்துக்குள் ஒரு போன், முடிந்தது. நாலு கோட்டு நோட்டில் எழுதுவதற்கு வாய் எதற்கு?

அந்த நினைப்பு வந்த வேகத்தில் நின்றது. வாய் எதற்கு என்று யார் கேட்டது? அதைக் காதில் வாங்காதவளாக பஸ்ஸைப் பார்த்தாள். பஸ் இப்போது கிளம்பிவிட்டது, அதாவது நாற்காலிகளை விட்டுவிட்டு எல்லாரும் ஒருவர் இடுப்பை ஒருவர் பிடித்துக்கொண்டு நிலாஃபர் பின்னால் ஊர ஆரம்பித்தார்கள். ஜன்னலோரம் வந்தார்கள். இரண்டு பொடிசுகள் ஸ்டாப்பில் கையை நீட்டிக்கொண்டு நின்றன. நிலாஃபர் ஸ்டாப்பைத் தாண்டி ஐந்தாறு எட்டுப் போய்த்தான் பிரேக் போட்டாள். ஏறுகிறவர்கள் குடுகுடுவென்று ஓடிப்போய்த் தொற்றிக்கொண்டார்கள். கோகிலவாணிக்குச் சிரிப்பு வந்தது, வந்ததே என்று எரிச்சலும் வந்தது. நம்மூர் டவுன் பஸ் இது, அசல். எந்த டிரைவர் ஸ்டாப்பில் நிறுத்தியிருக்கிறான்? கர்ப்பமாக இருக்கும்போது மாவு வாளியோடு எத்தனை பஸ்ஸுக்குப் பின்னால் ஓடியிருக்கிறாள், அவன் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே இருப்பான், கிட்டே போனதும் ஒரு உறுமல், வேணுமென்றே. நல்லதைக் கற்றுக்கொடுங்கள் என்று அனுப்பினால் ஓடவிடுவதைக் கற்றுக்கொண்டு வந்திருக்கின்றன. ஏறினவர்களை ஏற்றிக்கொண்டு பஸ் ஒரு சுற்று வந்தது. மறுபடி ஜன்னலோரம். அங்கே ஸ்டாப் இல்லை. மிதுலா கையை இறக்காமலே நடந்து பொம்மை அலமாரிக்குப் பக்கத்தில் போய் நின்றிருந்தாள். "ஏய், ஸ்டாப்பு அங்க போயிருச்சு!" என்று துவாரகேஷ் அலறினான், மொத்த பஸ்ஸும் ஒடித்துத் திரும்பியது, கடைசியில் இருந்த ஷெரின் மிஸ் துணியில் தடுக்கிச் சாய்ந்தாள். அலமாரிக்கு பஸ் போய்ச் சேருவதற்குள் ஸ்டாப் கதவோரம் போய்விட்டது. பஸ் கதவோரம் போனது. யாரும் ஸ்டாப் இல்லாத இடத்தில் இறங்கவில்லை. ஒரு பையன் இறங்கப் பார்த்தான், "ஸ்டாப்பு வரல, உக்காரு, நோ ஸ்டாப்" என்று அதட்டி ஏற்றினார்கள். கோகிலவாணி முயல் காதிலிருந்து முதுகை எடுத்தாள். இதென்ன கூத்து. எல்லாரும் கத்துகிறார்கள், டிரைவர் கத்துகிறாள், கண்டக்டர் கத்துகிறான், ஒரு வார்த்தை பேசாத கம்பம் எங்கே போய் நிற்கிறதோ அங்கேதான் ஊரே போகிறது. மிதுலாவின் முகத்தைப் பார்த்தாள். பாவப்பட்ட முகம் இல்லை அது. மாவு எந்தப் பதம் என்று விரலில் தொட்டுப் பார்க்கும்போது தன் முகம் கண்ணாடியில் எப்படித் தெரியுமோ, அப்படி இருந்தது. வீட்டில் மூலையில் நிற்கவைத்தால் அழுகிற புள்ளை, இங்கே மூலையை எடுத்துக்கொண்டு நடக்கிறது.

இருந்துவிட்டுப் போகட்டும், அதனால் பேச்சு வந்துவிடுமா? கம்பமாக இருந்து என்ன படிப்பாள்? கம்பத்துக்கு யார் மார்க் போடுவார்கள்? என்று கேட்டுக்கொண்டிருக்கும்போதே கம்பம் இவளை நோக்கி நடந்து வந்தது. கை மேலே. கண் நேரே. இவளைப் பார்க்கவில்லை. வந்து, நாற்காலிக்குப் பக்கத்தில், பாவாடை இவள் முட்டியில் உரசுகிற கிட்டத்தில், திரும்பி நின்றுகொண்டாள். தலையில் காலையில் தடவிய தேங்காயெண்ணெய் வாசம், கூடவே வேறு ஏதோ, களிமண்ணோ, இந்த அறையின் வாசமோ, தனக்குத் தெரியாத ஒரு வாசம். தொடக்கூடாது. கூப்பிடக்கூடாது. பஸ் வந்தது. நல்லவேளையோ கெட்டவேளையோ இந்தத் தடவை சரியாக இவள் முன்னாலேயே நின்றது, ஒன்பது பத்து மூஞ்சிகள், சளி ஒழுகுகிற மூக்குகள், எல்லாம் இவளையே பார்த்தன. துவாரகேஷ் இலையைக் கிழித்து நீட்டினான். "ஆன்ட்டி, எங்க போகணும்?" இவள் வாயைத் திறந்தாள். அமுதா மிஸ் தூரத்திலிருந்து உதட்டில் விரலை வைத்துக் காட்டினாள், வேண்டாம் என்று. விரல். உதட்டின் மேல் விரல். இவள் மூடிக்கொண்டாள். "வேர் டு, ஆன்ட்டி?" என்று பையன் பாஷையை மாற்றினான், தமிழ் புரியாத ஆளோ என்று. லிப்டில் ஓடுகிற சிவப்பு நம்பர் ஞாபகம் வந்தது. என்ன சொல்வது, எந்தப் பாஷையில், எங்கேதான் போக வேண்டும், காது சூடாகியது, ஒரு பொடிக் கூட்டத்துக்கு முன்னால் வார்த்தை வராமல் இப்படி உட்கார்ந்திருப்பது எவ்வளவு நீளமாக இருக்கிறது, ஒரு ஜூனிலிருந்து ஒரு தீபாவளி வரைக்கும் நீளமாக இருக்கிறது. "பேச மாட்டேங்கறாங்க" என்றது பின்னாலிருந்து ஒரு வாண்டு. "அவங்களுக்கும் பேச வராதா?" என்றது இன்னொன்று. அவங்களுக்கும்.

மிதுலா கையை இறக்கினாள். துவாரகேஷைப் பார்த்தாள். உதடு இடது பக்கமாக ஒதுங்கி மேலே ஏறியது, மூக்கும் கொஞ்சம் கூடவே போயிற்று. "அது செவுரு" என்றாள். தெளிவாக, அறை பூராவும் கேட்கும்படி. "மிஸ் சொன்னாங்கல்ல. செவுரெல்லாம் பஸ்ல வராது. டைம் ஆச்சு, நீ வண்டிய எடு." சொல்லிவிட்டுக் கையை மறுபடி மேலே தூக்கிக்கொண்டாள்.

பஸ் அசையவில்லை. நிலாஃபரின் தட்டு அப்படியே நின்றது. பின்னாலிருந்து "அய்யோ, பேசிட்டா! அமுதாக்கா, புள்ள பேசிட்டாக்கா!" என்று ஒரு குரல் கீச்சிட்டது. சந்தையில் கீரைக்காரியிடம் கேட்ட அதே குரல். ஷெரின் மிஸ் சிவப்பு ஏப்ரனால் வாயைப் பொத்திக்கொண்டாள், ஆனால் போனது போனதுதான், "மிஸ்ஸுக்குத் தமிழ் தெரியுது! மிஸ்ஸுக்குத் தமிழ் தெரியுது!" என்று பஸ் மொத்தமும் குதித்தது. பார்த்தாயா, நாடகம் கலைந்தது, இவ்வளவு நாள் வேஷம் என்று கோகிலவாணி சுழிக்கப் பார்த்தாள். உதடு பாதி ஏறி அங்கேயே நின்றுவிட்டது. ஏப்ரனுக்கு மேலே அந்தப் பெண்ணின் கண் நிறைந்திருந்தது. யார் பெற்ற புள்ளைக்கோ. சுழித்த உதட்டை இறக்குவது எப்படி என்று தெரியவில்லை, இத்தனை வயதுக்கும் அது தன்னால்தான் இறங்கியிருக்கிறது. செவுரு. என் வயிற்றில் பிறந்தது என்னைச் செவுரு என்கிறது. எவ்வளவு சரியாகச் சொன்னாள், எவ்வளவு ஏளனம், அக்காக்காரி கேட்டிருந்தால் எழுந்து வீட்டுக்குப் போயிருப்பாள். பேச்சு வராத புள்ளையா இது? ஆறு மாதத்துக்கும் சேர்த்து வைத்து ஒரே வாய், அதுவும் என்மேலா? பையில் போன் உறுமியது. பூபதியாகத்தான் இருக்கும், மத்தியானம் கிட்ட வந்துவிட்டது, அண்ணன் கேட்டிருப்பார். உறுமி நின்று மறுபடி உறுமியது. என்ன சொல்வது? புள்ளை பேசுகிறாள், என்ன பேசினாள் என்று கேட்காதீர்கள் என்றா? அங்கே அந்த நாலு கோட்டுப் பள்ளிக்கூடத்தில், கை கட்டி, வாய்மேல் விரல் வைத்து, எவ்வளவு அழகாக உட்காருவாள். ஒரு தொந்தரவும் இருக்காது. எல்லா டீச்சரும் நல்ல புள்ளை என்பார்கள். பவளத்தைக்கூட எல்லாரும் நல்ல புள்ளை என்றுதான் சொல்கிறார்கள்.

அந்த நேரம் பார்த்து, எதற்கும் சம்பந்தமில்லாமல், கேஸ் ஞாபகம் வந்தது. அடைத்திருந்தாள். அடைத்துவிட்டு, மிதுலா 'அடைச்சாச்சா' என்று கேட்டதும், 'ஆச்சு, வாய மூடிட்டு ஷூவ மாட்டு' என்று சொன்னதுகூட ஞாபகம் வந்தது.

பஸ் கிளம்பியிருந்தது. ஸ்டாப் இவள் பக்கத்தில் இல்லை. கையைத் தூக்கிக்கொண்டு அது மறுபடி ஜன்னலோரத்துக்கே போய்விட்டது, திரும்பிக்கூடப் பார்க்காமல். இங்கிருந்து கையை நீட்டினால் பஸ் நிற்காது என்று இவளுக்குத் தெரியும், ஸ்டாப் இல்லாத இடத்தில் இந்த ஊரில் எவனும் ஏற முடியாது. கோகிலவாணி எழுந்தாள். முயல் காது நாற்காலி இடுப்போடு சேர்ந்து எழுந்து, பிறகு கழன்று டமாரென்று விழுந்தது. "மிதுலாம்மா..." என்று அமுதா மிஸ் ஆரம்பித்து, எதனாலோ நிறுத்திக்கொண்டாள். மரத்துப்போன காலை இழுத்து இழுத்து, மரக்கட்டை, சிரட்டை, பாம்பு முட்டை எல்லாவற்றையும் தாண்டி ஜன்னலோரம் போய், மகளுக்குப் பக்கத்தில் நின்றாள். மிதுலா நிமிர்ந்து பார்த்தாள். சந்தேகமாகத்தான் பார்த்தாள். கை மட்டும் இன்னும் கொஞ்சம் நேராக உயர்ந்தது. பையில் போன் கத்திக்கொண்டே கிடந்தது. என்ன பஸ்ஸோ, சக்கரமில்லாத பஸ், தட்டுச் சக்கரம் சுற்றுகிற டிரைவர், காய்ந்த இலை டிக்கெட், பைத்தியக்கார ஊர் என்று நினைத்துக்கொண்டே முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள், பஸ் திரும்பி வருவதைப் பார்த்தாள், கையை நீட்டினாள். நிலாஃபர் இவளைப் பார்த்தாள். நன்றாகவே பார்த்தாள். பார்த்துவிட்டு, ஸ்டாப்பைத் தாண்டி, அலமாரியையும் தாண்டி, அறையின் அந்தக் கோடிக்குப் போய் பிரேக் போட்டாள்.

"ஓடும்மா!" என்றது ஸ்டாப்.

ஓடினாள்.